மர்ஷூதா அடித்த நம்பர்

கற்பிட்டிப் பக்கத்தில் 'நம்பர் மிஸ்' என்றால் கணக்கு டீச்சர் என்று நினைத்துவிடக் கூடாது. அது எத்தாளை ஊர் மர்ஷூதா. ஸ்கூட்டர், தோளில் ஒரு பை, பைக்குள் சுத்தியல், ஆணி, நம்பர் பொறித்த பச்சைப் பிளாஸ்டிக் துண்டுகள். வீட்டு வளவில் நின்ற தேக்கை யாராவது அவள் வேலை செய்யும் மரக் கம்பனிக்கு விற்றால், மரம் விழுந்த கையோடு போய் அடிக்கட்டையில் ஒரு துண்டும் வெட்டிய மரக்குற்றியில் ஒரு துண்டுமாக ஒரே நம்பரை அடிப்பாள். போனில் படம் எடுப்பாள். அந்த நம்பரோடுதான் குற்றி லொறி ஏறும், ஆலைக்குப் போகும், பலகையாகிக் கப்பலும் ஏறும். எங்கேயோ ஒரு நாட்டில் அந்தப் பலகையில் செய்த கதிரையை வாங்குகிறவர் நம்பரைத் தட்டிப் பார்த்தால், இது காட்டில் களவாக வெட்டியதல்ல, இன்ன ஊரில் இன்னாருடைய வளவில் வளர்ந்தது என்று தெரியவரும். கூடவே, நேரில் பார்த்து உறுதி சொன்னவர் என்று மர்ஷூதாவின் பெயரும் வரும்.

அந்தப் பெயரில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம்தான். இருந்தால் என்ன? கலியாணம் முறிந்து வந்தவளை வீட்டோடு இருத்திவைக்கத்தான் உம்மா பார்த்தார். ஸ்கூட்டரில் ஊர் ஊராகத் திரிகிற வேலையா என்று சாச்சாமார் வந்து குதித்தார்கள். நானா அஃப்ராஸ் ஒருவர்தான் எழும்பி நின்று, "என்ட தங்கச்சி வேலைக்குப் போவா. கதைக்கிற ஆக்கள் என்னோட வந்து கதைக்கட்டும்" என்றார். அன்றைக்கு அவள் அறைக்குள் போய் சந்தோஷத்தில் அழுதாள். கம்பனி மரம் ஏற்றுவதும் நானாவின் லொறிதான். யார் கைவிட்டாலும் நானா இருக்கிறார் என்று தலை நிமிர்ந்து நடந்தாள், பாவி.

போன மாதம் குறிஞ்சிப்பிட்டி இன்னாசிப்பிள்ளை இன்னொரு தேக்கைத் தறிக்கப்போவதாகச் சொல்லியனுப்பினார். போன இடத்தில் ஆட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் தென்னோலைக் கிடுகு போட்டு மூடியபடி ஒரு குற்றி கிடந்தது. மர்ஷூதா கிடுகை ஒதுக்கினாள். ஒரு பக்கம் வளைந்த அந்தக் குற்றியை அவளுக்கு நன்றாகவே ஞாபகம். போன தடவை அவளே நம்பர் அடித்தது. இப்போது ஆணி ஓட்டைகள் மட்டும் இருந்தன. போனைத் திறந்து பார்த்தாள். அந்த நம்பர் ஆலையில் அறுபட்டுப் பலகையாகிவிட்டது என்று போன் சொன்னது.

"அங்கிள், இந்த மரம் போகல்லயா?"

"மரம் ஏன் பிள்ளை போறது? நான் நம்பரைத்தானே வித்தனான்." அவர் ஒளிக்க எதுவும் இல்லாத ஆளைப் போலச் சொன்னார். "உன்ர நானா வந்து துண்டைக் கழட்டிக்கொண்டு காசையும் தந்திட்டுப் போனவர். மரம் நீங்களே வச்சிருங்கோ எண்டார். இந்தப் பக்கம் எல்லாருக்கும் அப்பிடித்தானே. உன்ர புண்ணியத்தில மகளின்ர வீட்டுக்குக் கதவு நிலை அடிக்கப்போறன்."

"எனக்குத் தெரியும்டு நானா சொன்னாரா?"

"தெரியாமலா பிள்ளை நீ அடிக்கிறாய்?" என்று சிரித்தார்.

கழற்றிய துண்டுகள் எங்கே போயின என்று அவளுக்கு யாரும் விளக்கத் தேவையிருக்கவில்லை. அரசாங்கக் காட்டில் களவாகத் தறித்த தேக்கெல்லாம் அவள் கையால் அடித்த நம்பரோடு, அவள் பெயரோடு கப்பலேறியிருக்கின்றன. போகிற வீடெல்லாம் கதிரை போட்டுத் தேத்தண்ணி தந்தது அவளுடைய நேர்மைக்கு என்று நினைத்திருந்தாள். அவர்களோ களவுக்குக் கூட்டுக்காரிக்கு நன்றி சொல்லியிருக்கிறார்கள்.

வீட்டு வாசலில் நானா லொறி கழுவிக்கொண்டிருந்தார். அவள் விஷயத்தைச் சொன்னதும் இல்லை என்று ஒரு பேச்சுக்குக்கூட மறுக்கவில்லை.

"சத்தம் போடாத. ஒனக்கு ஒரு கரைச்சலும் வராம நான் பார்த்துக்குவன்."

"எல்லாத்துலயும் என்ட பேருதானே இரிக்கி நானா?"

"அதாலதான் ஒருத்தரும் சந்தேகப்படல்ல." அதையும் ஒரு பாராட்டைப் போலத்தான் சொன்னார்.

அவளுக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டியிருந்தது. மற்றதெல்லாம் எப்படிப் போனாலும் போகட்டும். "எனக்காக எல்லாரோடயும் சண்டை புடிச்சீங்களே. அப்பவே இதை நினச்சிருந்தீங்களா?"

நானா தண்ணீர்க் குழாயை மூடினார். "வேற யாரை நம்பி இந்த வேலைய செய்யச் சொல்ற?"

நம்பவைத்துக் கழுத்தறுத்தவர் நம்பிக்கையைப் பற்றிக் கதைக்கிறார். களவைக்கூட அவள் ஒரு நாள் மன்னித்திருப்பாள். தனக்கென்று ஒருவர் எழும்பி நின்ற அந்த ஒரு நாளையும் அல்லவா பொய்யாக்கிவிட்டார். அவர் பார்த்திருக்கவே கம்பனிக்குப் போன் எடுத்து, நம்பர்கள் பொய்யானதையும், குற்றிகள் ஊரிலேயே கிடப்பதையும், துண்டுகளைக் கழற்றியவரின் பெயரையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

கேட்டுக்கொண்டு உள்ளேயிருந்து உம்மா ஓடிவந்தார். "கூடப் பொறந்தவனையா காட்டிக் குடுக்கிற? ஒனக்காக எங்க எல்லாரோடயும் சண்டை புடிச்சவனல்லவா அவன்?"

"எனக்காக இல்ல உம்மா" என்றாள் மர்ஷூதா.