ஆறு மணி பஸ்ஸில் ஆளே இல்லையாம்

பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் பார்த்தேன். யாருடைய போன் எந்த நேரத்தில் எந்த ரோட்டில் போகிறது என்று பார்த்து, எங்கே பஸ் விடலாம் என்று சொல்கிற கம்பெனி. போனை நாம் தொடக்கூட வேண்டாம், அதுவே போய்ச் சொல்லிவிடுமாம். சொல்லலாமா என்று நம்மை யாரும் கேட்பதில்லை.

முதலில் வேலைக்கு ஆள் ஏற்றி வரும் சொந்த பஸ்களையே அளந்தார்கள். ஒரு திங்கட்கிழமை பொம்மனஹள்ளியில் எங்கள் காலை ஆறு மணி பஸ் வரவில்லை. ஷேர் ஆட்டோவில் ஒருத்தி மடியில் ஒருத்தி உட்கார்ந்து போனோம். "இனிமே லேட்டா வந்தா வேலை இல்ல" என்றார் சூப்பர்வைசர் நாகராஜ்.

நான் வாய் திறக்கிற ஆள் இல்லை. கூட வேலை செய்யும் ரோஸிதான் மேப் போடுகிற சாரிடம் போனாள். நான் மாப்பைப் பிடித்துக்கொண்டு அவள் பின்னால் நின்றேன்.

"எங்க பஸ்ஸை ஏன் சார் நிறுத்தினீங்க?"

"அதுல யாரும் வர்றதில்லையேம்மா. டிரைவர் மட்டும் தனியா வந்து போறார்."

"அப்ப உங்க டேபிளைத் துடைக்கிறது யாரு, டிரைவரா?"

சார் ஸ்க்ரீனைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். ஸ்க்ரீனைத்தான் நம்பினார்.

விஷயம் இதுதான். உள்ளே போன் கூடாது என்று நாகராஜ் கேட்டிலேயே எல்லாவற்றையும் வாங்கிப் பையில் போட்டுக்கொள்வார். அதனால் போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தோம்.

"போனை எடுத்துட்டு வாங்க, ஸ்க்ரீன்ல தெரிவீங்க" என்றார் சார். கொண்டுபோனோம். நாகராஜ் பையை ஸ்கூட்டர் டிக்கியில் போட்டுக்கொண்டு, விவேக் நகரில் மாமியார் வீட்டுக்கு டிபன் சாப்பிடப் போனார். சாயங்காலம்தான் திரும்புவார். தினமும் அப்படித்தான்.

கொஞ்ச நாளில் சார் சிரித்துக்கொண்டே வந்தார். "நீங்க வேலை செய்யறது விவேக் நகர்ல. இங்க கேட்ல சும்மா நின்னுட்டுப் போறீங்க. இனிமே பொம்மனஹள்ளியிலிருந்து நேரா அங்கேயே பஸ்!"

அவர் சொல்லும்போது நாங்கள் அவர் காலடியில் தரை துடைத்துக்கொண்டிருந்தோம். காலைக்கூடத் தூக்கிக் கொடுத்தார்.

"விவேக் நகர்ல அது யார் வீடு?" என்று மேனேஜர் கேட்டாரே பார்க்கணும். நாகராஜ் ஓடி வந்தார். "பேடா தாயி, வேண்டவே வேண்டாம்! உங்க போனை நீங்களே வெச்சுக்கங்க."

போனை இடுப்பில் சொருகிக்கொண்டு வேலை செய்தோம். பஸ் திரும்பி வந்தது.

முட்டி வலி தாங்காமல் இந்த வருஷம் வேலையை விட்டேன். மறுநாளே ரோஸி வாசலில் நின்றாள். "அக்கா, உங்க போனைக் குடுங்க. ஆள் குறைஞ்சா மறுபடி நிறுத்திடுவாங்க."

கொடுத்தேன். தினமும் வாங்கிப் போகிறாள்.

புதிதாக வேலைக்கு வரும் பெண்களே, ஒழுங்காக வேலை செய்தால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். நான் வீட்டில் காலை நீட்டிப் படுத்திருக்கிறேன். கம்பெனி கணக்கில் ஒரு நாள்கூட லீவு போடவில்லை.