நேரியலில் பதிந்த கரி

புதுக்கடைக் களரியில் கம்பு பயின்று இன்று பல ஊர்களில் வாழும் மதிப்பிற்குரிய அன்பர்களுக்கு என் பணிவான வணக்கம். ஆசான் மறைந்து நாற்பது நாட்கள் கடந்த பின்னரே இம்மடலை எழுத இயன்றது. தாமதத்தைப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

கோட்டாற்றுக் கடைத்தெருவில் நான் விதைநெல் பார்த்துக்கொண்டிருந்தபோது, மூத்த சீடர் தங்கையன் எதிரே வந்து நின்றார். "அக்கா, வீட்டுக்குப் போவோம்" என்றார். ஆசான் போய்விட்டார் என்று புரிந்து, கையிலிருந்த விதைநெல்லை அங்கேயே விட்டு நடந்தேன். முப்பதாண்டுகள் என் கணவராக இருந்தவரை நானும் 'ஆசான்' என்றே அழைத்துவந்தேன்.

நம் களரியின் முறையை நீங்கள் அறிவீர்கள். சீடர்கள் தேறிவிட்டால், ஆண்டுதோறும் விஜயதசமியன்று ஆசான் புது வெள்ளை நேரியல் துண்டை மார்பில் குறுக்காகக் கட்டி நிற்பார். கம்பின் நுனியில் கரிக்குழம்பு தோய்த்து மூத்த சீடர்கள் எதிர்ப்பார்கள். எவருடைய கம்பின் கரி நேரியலில் விழுகிறதோ, அவரே அடுத்த ஆசான். கரி படாமலே ஆசான் இறந்துவிட்டால் களரியை மூடிவிட வேண்டும்.

மூன்று ஆண்டுகள் அந்த நேரியல் வெள்ளையாகவே வீடு திரும்பியது. முதலாண்டில் அவருக்குப் பெருமிதம். மூன்றாம் ஆண்டில் கோபம். ஒவ்வொரு கம்பும் மரியாதையின் பொருட்டு ஒரு விரற்கடை முன்னதாகவே நின்றுவிடுவதை அவர் கண்டுகொண்டார்.

"ஏலே தங்கையா, பர்மாவில சண்டை போட்டவன்னு சொல்லுத. எனக்க நேரியலக் கண்டா கை நடுங்குதா?"

"ஆசானே, சப்பான்காரன் எனக்குக் கம்பு பிடிக்கச் சொல்லித் தரல்லியே!"

அடுத்த விஜயதசமிக்கு முந்தைய நாள் அவர் உண்ணாமல் அமர்ந்திருந்தார். "ஏட்டி, களரியப் பூட்டிட்டுத்தான் நான் போணுமா?" என்றார்.

பள்ளிக்கூடம் செல்லாது, பொட்டலத் தாள்களைக் கூட்டிக் கூட்டி வாசித்தே எழுத்தறிந்தவள் நான். "புது நோட்டுல மொத எழுத்து போடத்தான் கை கூசும். ஒரு கிறுக்கு விழுந்தா கூச்சம் போயிரும். நாளைக்கு நான் கிறுக்குதேன்" என்றேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். பின்னர் சோறு கேட்டார்.

மறுநாள் அனைவர் முன்னிலையிலும் களரிக்குள் இறங்கி, கரிக்குழம்பில் கையைத் தோய்த்து, அவருடைய நேரியலின் தோள்பக்கத்தில் அழுத்தினேன். களரி திகைத்தது.

"அப்போ இனி அக்காதான் ஆசானா?" என்றார் ஒருவர்.

"வீட்டுல எப்பவும் அவதான். களரிக்குத்தான் ஆளு வேணும். இனி அழுக்காக என்ன மிச்சம் இருக்கு? வாலே தங்கையா!"

ஆசான் விட்டுக்கொடுக்கவில்லை. தங்கையனின் கம்பை இருமுறை தட்டி வீழ்த்தினார். மூன்றாம் முறை அது நிற்கவில்லை. நெஞ்சுக்கு நேராகக் கரிவட்டம் பதிந்தது. ஆசான் தம் கம்பைக் கீழே வைத்தார். தங்கையனின் காலடி மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "இன்னைக்குத்தான் மக்கா நான் செயிச்சேன்" என்றார். அன்று எழுந்த குரவையொலியில் அவர் குரலே உரத்தது. அதன்பின் வாழ்ந்த நாள்வரை சீடர் வரிசையின் கடைசியில் நின்றே வந்தனம் செய்தார்.

அந்த நேரியலை நான் வெளுக்கவில்லை. என் ஐந்து விரல்களும் தங்கையனின் கரிவட்டமும் அதில் அப்படியே இருக்கின்றன. அதுவே என்னிடமுள்ள ஆசான்.

வரும் விஜயதசமியன்று தங்கையன் ஆசான் முதன்முறையாகப் புது நேரியல் கட்டுகிறார். அவரிடம் யாரும் மரியாதை பார்க்க வேண்டாம். எத்தனை பேர் எதிர்க்க வருகிறீர்கள் என்று உடனே பதில் எழுதுங்கள்.