எங்கள் ஹாலில் எடுத்த திகில் படம்

கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலையில் இருக்கும் எங்கள் வீட்டு ஹாலைப் படப்பிடிப்புக்குக் கேட்டு வந்தபோது முதலில் தலையாட்டியது நான்தான். வீட்டுக்காரர் வேண்டாம் என்றார். அவர் பேச்சை நான் எப்போது கேட்டிருக்கிறேன்? பழைய கறுப்பு வெள்ளைத் திகில் படம் ஒன்றை மறுபடியும் எடுக்கிறார்கள் என்றதும் எனக்கு ஒரே குஷி. கல்யாணத்துக்கு முன்னால் டவுன் கொட்டகையில் பார்த்துவிட்டு, ஒரு வாரம் குளியலறைக்குத் தனியாகப் போகப் பயந்த படம் அது.

"பேயைக் காட்டுவீங்களா?" என்று டைரக்டரிடம் கேட்டேன்.

"பேய், ரத்தம், கத்தி எதுவும் கிடையாதுங்க. ஒரு வீடு, ஒரு பொம்பளை. அவளுக்குப் புத்தி பிசகுதா இல்லையான்னு அவளுக்கும் தெரியாது, பாக்கறவங்களுக்கும் தெரியாது. அவ்ளோதான்."

பகலெல்லாம் ஹாலில் அவர்கள் வேலை. மாலையில் அவர்கள் கிளம்பியதும் வீடு எங்களுடையது. நாலாம் நாள் மாலை மணி பார்க்க நிமிர்ந்தேன். கடிகாரம் சற்றுக் கீழே இறங்கியிருந்தது. மறுநாள் காலண்டர். அது ஜன்னலுக்கு இந்தப் பக்கமா இருந்தது, அந்தப் பக்கமா?

"எப்பவும் அங்கதான இருக்குது?" என்றார் வீட்டுக்காரர், செல்போனிலிருந்து தலையை எடுக்காமல். கூரையே காணாமல் போனாலும் அந்த மனிதருக்குத் தெரியாது.

அம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. வைத்த சாமான் வைத்த இடத்தில் இல்லை என்பாள். கடைசியில், இட்லி ஊட்டிக்கொண்டிருந்த என்னையே நிமிர்ந்து பார்த்து, "நீ யாரு வூட்டுப் பொண்ணும்மா?" என்றாள். அப்போது அவளுக்கு அறுபத்திரண்டு. எனக்கு இப்போது ஐம்பத்தெட்டு.

யாரிடமும் சொல்லவில்லை. நாற்காலிக் காலைச் சுற்றித் தரையில் பென்சிலால் ரகசியமாகக் கோடு போட்டு வைத்தேன். அடுத்த நாள் நாற்காலி கோட்டை விட்டு விலகி நின்றது. நாற்காலி நகர்ந்ததா, நான்தான் கோட்டைத் தப்பாகப் போட்டேனா? அந்தக் கேள்வியை யாரிடம் கேட்பது? பயத்தில் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

பௌர்ணமிக்கு முந்தின நாள். கிரிவலக் கூட்டம் வந்துவிடும் என்று படப்பிடிப்புக்காரர்கள் மத்தியானமே மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வைக்கும் உதவி டைரக்டர் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"இந்த ஹால்ல சாமானெல்லாம் நகர்ற மாதிரி இருக்குதும்மா. எனக்கு மட்டுந்தான் அப்படித் தெரியுதா?"

அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். "நாங்கதான் நகர்த்தறோம் ஆன்ட்டி. பழைய படத்தோட ஸ்டைலே அதுதான். ஷாட்டுக்கு ஷாட் கடிகாரம் ஒரு விரல் இறங்கும், நாற்காலி கொஞ்சம் தள்ளிப் போகும். என்ன மாறிச்சுன்னு பாக்கறவங்களால சொல்ல முடியாது. ஆனா பயம் வந்துடும்." போட்டோக்களை வரிசையாகத் தள்ளிக் காட்டினாள். கடிகாரம், காலண்டர், நாற்காலி.

போன உயிர் திரும்பி வந்தது எனக்கு. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "அடிப் பாவி, முன்னாடியே சொல்லித் தொலைக்கக் கூடாதா?" என்று அவள் முதுகில் ஒன்று வைத்தேன்.

அவள் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"காலையில காபி குடுக்கும்போதும் இதையேதான் கேட்டீங்க ஆன்ட்டி. இதே போட்டோவைத்தான் காட்டினேன். இதே மாதிரி முதுகுல அடிச்சுச் சிரிச்சீங்க."

காலையில் அவளைப் பார்த்ததாகவே எனக்கு நினைவில்லை.