துண்டுக்குள் கை விடாத தரகர்

வீடும் நிலமும் விற்றுக் கொடுக்கிற தரகு வேலையில் விற்பதுகூடச் சுலபம். எந்தத் தரகரிடம் போய்ச் சேருவது என்று தீர்மானிப்பதற்குள் ஆயுசில் பாதி போய்விடுகிறது. வேலை கேட்டுப் படியேறி, குழம்பிப்போய் இறங்கிய சகோதரிகளே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும்.

பெட்டி கட்டிய படலம்

ரப்பர் விலை விழுந்ததும் லாயாங் லாயாங் பக்கத்துத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த என் வீட்டுக்காரருக்குச் சீட்டுக் கிழிந்தது. பத்து பாகாட் டவுனில் ஒரு கடைக்கு மேல்மாடியில் குடிவந்தோம். வந்த அன்றே அவர் இரும்புப் பெட்டியைத் திறந்து வேட்டிகளை அடுக்க ஆரம்பித்தார். நாகப்பட்டினம் கப்பலுக்காம்! நானோ மலாக்காவில் பிறந்தவள், கான்வென்ட்டில் படித்தவள். அவர் ஊரைக் கண்ணால் கண்டதில்லை. இந்த வயதில் அங்கே போய் நாத்தனார்களிடம் அடுப்பு ஊதவா?

இங்கிலீஷ் தெரியும், மலாய் தெரியும், வாய்க்குக் குறைச்சலில்லை. தரகு செய்கிறேன் என்றேன். அவர் பெட்டிக்குள்ளிருந்து தலையைத் தூக்கவே இல்லை. "செய்யேன். மாசக் கடைசிக்குள்ள எவனாவது உன்னச் சேத்துக்கிட்டா பெட்டியப் பிரிக்கிறேன். இல்லேன்னா பூட்டுறேன்."

மின்விசிறிக்குக் கீழே

முதலில் போனது ஒரு துரையின் ஏல ஆபீசுக்கு. என் இங்கிலீஷைக் கேட்டுத் துரை தலையை ஆட்டினார். நிலம் காட்டுவது பற்றிச் சொன்னேன், அதற்கும் ஆட்டினார். சேர்ந்துவிட்டேன் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு மறுநாள் போனால், ஒரு மரத்தட்டிக்குப் பின்னால் நாற்காலி, மேசை, டைப்ரைட்டர்.

எப்போது நிலம் பார்க்கப் போகிறோம் என்று பெரிய கிராணியைக் கேட்டேன். நான் ஏதோ கெட்ட வார்த்தை சொன்ன மாதிரி சுற்றுமுற்றும் பார்த்தார். "வாங்குறவங்க உங்க எழுத்தப் பாத்தாப் போதும்மா. உங்களப் பாக்க வேணாம்."

கிட்டங்கிப் பாய்

கடனுக்கு வந்த வீடுகளை விற்கிற செட்டியார் கிட்டங்கியின் மேலாள் தங்கமான மனிதர். பாயில் உட்காரவைத்து, காப்பி கொடுத்து, அப்பா ஊர், அம்மா ஊர், மாமனார் ஊர் எல்லாம் விசாரித்தார். பிறகு எந்த வீட்டை யாரிடம் எப்படிச் சொல்லி விற்பேன் என்று கேட்டார். மூச்சுவிடாமல் சொன்னேன். "பிரமாதம், பிரமாதம்" என்றார். என்னத்தைப் பிரமாதம் என்கிறார் என்றுதான் விளங்கவில்லை.

எழுந்திருக்கும்போது விளங்கியது, வேலை எனக்கில்லை. என் வீட்டுக்காரரைத் தரகு செய்யச் சொல்வதும் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கப்பலேறச் சொல்வதும் ஒன்றுதான். மேலாள் வாசல்வரை வந்து வழியனுப்பினார். "நாளைக்கு அவுகள வரச்சொல்லுங்க ஆச்சி. நீங்க வீட்டுல இருந்தே சொல்லிக் குடுங்க, அவுக வந்து செய்யட்டும்."

துண்டு

மார்க்கெட் பக்கத்துத் தரகர் முத்தையாவுக்குப் பெண்பிள்ளை என்ற யோசனையே கிடையாது. "வாங்கக்கா, பாத்துப் பழகுங்க" என்று ஒரு ரப்பர் நிலப் பேரத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே அவரும் வாங்க வந்தவரும் கை கோத்து, மேலே துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, வானத்தைப் பார்த்து நின்றார்கள். பேச்சில்லை. ஜெபம் செய்கிறார்களோ என்று நானும் தலையைக் குனிந்துகொண்டேன். பிறகுதான் சொன்னார்: ஒரு விரலைப் பிடித்தால் ஒரு நூறு வெள்ளி, கையோடு பிடித்தால் ஐந்நூறு. சுற்றி நிற்பவனுக்கு விலை தெரியக் கூடாதாம்.

அடுத்த பேரம் என்னுடையது. கட்டிய புருஷன் இருக்க, கண்டவர் துண்டுக்குள் கையை விட முடியுமா? ஆகவே, கான்வென்ட்டில் கடைசி பெஞ்சுவரை கேட்கும்படி பாடம் ஒப்பித்த அதே குரலில், விலையைச் சொல்லிவிட்டேன். பக்கத்தில் செண்டோல் குடித்துக்கொண்டிருந்த ஒருவர் எழுந்து, அதே அளவு நிலம் தன்னிடம் இன்னும் மலிவாக இருக்கிறது என்றார். வாங்க வந்தவர் அவரோடு போய்விட்டார். முத்தையா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அக்கா, கோவிச்சுக்காதீங்க. நீங்க தரகு பண்ணல, தமுக்கு அடிச்சீங்க."

மூலை மேசை

மாசக் கடைசிக்கு இன்னும் நாலைந்து நாள்தான். வீட்டில் பெட்டிக்குக் கயிறுகூட வாங்கியாயிற்று. கோப்பிக்கடை மூலையில் ஒரு சீனத் தரகர் உட்கார்ந்திருப்பார். பெயர்ப்பலகை கிடையாது, ஆபீஸ் கிடையாது. நேரே போய், டைப் அடிக்க மாட்டேன், புருஷனை அனுப்ப மாட்டேன், துண்டுக்குள் கை விட மாட்டேன் என்று மலாயில் கொட்டினேன். அவர் ரொட்டியைக் கோப்பியில் தோய்த்து முடித்துவிட்டு, ஆகட்டும் அம்மா, நாளைக்கு வா என்று மலாயிலேயே சொன்னார். ஒரு கேள்வி இல்லை! அதுவே எனக்குப் பெரிய குழப்பம். "போலே லா, நோன்யா. பேசோ மாரி."

கிணற்றடி

மறுநாள் சிம்பாங் ரெங்கத்தில் ஒரு பலகை வீடு. வாங்க வந்தவர் ஒரு கங்காணி, கூட அவர் மனைவி. தவுக்கே, அதுதான் என் சீன முதலாளி, ஐந்நூறு என்றார், கங்காணி முந்நூறு என்றார். அப்புறம் இரண்டு பேரும் கல்லாகிவிட்டார்கள். அந்த அம்மாளுக்குச் சமையற்கட்டைக் காட்டச் சொல்லித் தவுக்கே என்னை அனுப்பினார்.

அடுப்பைப் பார்த்தாள். கிணற்றை எட்டிப் பார்த்தாள். திடீரென்று என் கையைப் பிடித்துத் தன் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். மயக்கம் வருகிறதாக்கும் என்று தாங்கப் போனேன். நாலு விரலை அழுத்தினாள். அப்போதுதான் உறைத்தது! நான் அவள் கையோடு பிடித்தேன். முடியாது என்று தலையை ஆட்டி மறுபடி நாலு விரல். சரி என்றேன். "அவரே சொன்னதா இருக்கட்டும்க்கா. நான் சொன்னேன்னு தெரிஞ்சா மூணுலயே நிப்பாரு."

வெளியே வந்து, "கங்காணியார் நாலு சொல்றாங்க" என்று தவுக்கேயிடம் சொன்னேன். கங்காணி வாயைத் திறந்தார், எனக்குப் பின்னால் வந்த மனைவியைப் பார்த்தார், இருமினார். "ஆமாமா, அப்பவே சொல்லலாம்னுதான் இருந்தேன்."

பெட்டி பிரித்த படலம்

நானூறுக்குப் பேரம் முடிந்த சேதி எப்படியோ பரவிவிட்டது. கிட்டங்கியிலிருந்து, நானே வரலாம் என்று ஆள் வந்தது. ஏல ஆபீசில் தட்டியை எடுத்துவிட்டார்களாம். முத்தையா மாடியேறி வந்து, வாங்குகிறவர்களின் வீட்டுப் பெண்களை எல்லாம் இனி நான்தான் பார்க்க வேண்டும் என்றார். ஒருவரும் வேண்டாம் என்றபோது வராத தலைவலி, எல்லாரும் வேண்டும் என்றபோது வந்தது. யாரிடம் சேருவது என்று வீட்டுக்காரரின் கையைப் பிடித்துக் கேட்டேன். வேட்டிகளை வெளியே எடுத்துக்கொண்டிருந்தவர் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். "எங்க வேணா சேரு. சும்மா கையத் தொடாத, என்னை என்ன விலைக்குப் பேசுறியோன்னு பயமா இருக்கு."

கடைசியில் கோப்பிக்கடை மூலைக்கே போனேன். மற்ற மூவரும் தொழிலை எனக்கு நன்றாக விளக்கியிருந்தார்கள், ஒன்றும் விளக்காத மனிதரிடம்தான் எனக்கு வேலை இருந்தது.