கேட்டது பிள்ளையிடம்

ஐரோப்பாவில் இருக்கும் தங்கையைப் பார்த்துவிட்டுப் போன கிழமை கொழும்புக்குத் திரும்பினோம். வெளிநாட்டு விமானம். சாப்பாட்டில் உப்பில்லை, உறைப்பில்லை... அதையெல்லாம் எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வந்தது வேறு.

விமானம் மேலே ஏறியதும் என் ஐந்து வயது மகள் ஆரணி அழத் தொடங்கினாள். சத்தமே இல்லாமல்! நீலச் சீருடைப் பணிப்பெண் ஒருத்தி ஓடிவந்து, அவள் முன்னால் முழங்காலிட்டு, "எங்கே நோகிறது, செல்லம்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"ஒன்றுமில்லை" என்றேன் நான்.

"மன்னியுங்கள், நான் கேட்டது பிள்ளையிடம்."

சுருக்கென்றது. நம் ஊரில் பிள்ளையிடம் யார் கேட்கிறார்கள்? டொக்டர்கூடத் தாயைப் பார்த்துத்தானே விசாரிப்பார்?

ஆரணி என் காதுக்குள், "அம்மா, இவ யூனிபோம் போட்டிருக்கிறா. சொல்லலாமோ?" என்றாள்.

பழக்கியவள் நான்தான். முன்பொரு நாள் வெள்ளவத்தைச் சோதனைச் சாவடியில் ஒரு ஆமிக்காரர் அரைகுறைத் தமிழில், "வீட்டில் யார் யார்?" என்று சிரித்துக்கொண்டு கேட்டார். "யாழ்ப்பாணத்திலயிருந்து மாமாவும் வந்திருக்கிறார்" என்றாள் இவள். சந்தேகத்தில் பிடித்துக்கொண்டுபோன மாமாவைப் பொலிஸில் இருந்து கூட்டிவர நாங்கள் பட்ட பாடு! அன்றிலிருந்து வீட்டுச் சட்டம் — சீருடை கேட்டால் அம்மாதான் கதைப்பா.

"ஓம், சொல்லு குஞ்சு" என்றேன்.

"காது நோகுது!"

பணிப்பெண்ணுக்குத் தமிழ் விளங்கவில்லை. கை போன இடம் விளங்கியது. சூப்புவதற்கு இனிப்பு கொடுத்தாள். நோவும் போனது, வாய்ப்பூட்டும் போனது! எங்கள் வீடிருக்கும் ஒழுங்கை, அப்பாவின் வேலை, மாமாவின் பெயர்... போகிற வருகிற பணிப்பெண்களுக்கெல்லாம் நேர்சரி ஆங்கிலத்தில் ஒப்புவித்தாள்.

பக்கத்து இருக்கையில் கொட்டாஞ்சேனை அம்மா ஒருவர். "விடுங்கோ மகள், எவ்வளவு சந்தோசமாக் கதைக்குது!"

"கட்டுநாயக்கா எயார்போட்டிலயும் இப்பிடிக் கதைச்சா, அன்ரி?"

அவர் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

விமானம் இறங்கத் தொடங்கியது. இப்போதே சொல்வதா? இன்னும் கொஞ்சம் விடுவதா? சொல்லிவிட்டேன்.

"இனிக் கதைக்கக் கூடாது, என்ன?"

"இனிப்புத் தந்த அன்ரியோடயுமோ?"

"யூனிபோம் போட்ட ஒருத்தரோடயும் இல்லை."

விமான வாசலில் அந்தப் பெண் மறுபடி குனிந்து, "ஆரணி" என்று பெயர் சொல்லிக் கையசைத்தாள். ஆரணி உதட்டை இறுக்கிக்கொண்டு என் சேலைக்குப் பின்னால் ஒளிந்தாள்.

அப்பாடா என்றிருந்தது எனக்கு... அதை நினைத்தால்தான் நித்திரை வருவதில்லை.