வாங்க, எப்ப வந்தீங்க?

எனக்கு முகம் நிற்காது. கண்ணில் கோளாறு இல்லை, டாக்டரிடம் காட்டியாகிவிட்டது. பேர் நினைவிருக்கும், ஊர் நினைவிருக்கும், யார் மகளுக்கு எந்த நிறத்தில் முகூர்த்தச் சேலை எடுத்தார்கள் என்பதுகூட நினைவிருக்கும். முகம் மட்டும் ஒட்டாது. சேலத்தில் ஜவுளிக்கடை விற்பனையாளனுக்கு இது எவ்வளவு பெரிய தகுதி என்று யோசித்துப் பாருங்கள்.

கல்யாணமான புதிதில், பஸ்ஸில் என் மச்சானிடமே "கொஞ்சம் தள்ளி உட்காருங்க சார்" என்று சொல்லிவிட்டேன். அவர் வெகுநாள் எங்கள் வீட்டுப் பக்கம் தலைகாட்டவில்லை. என் மனைவி நல்லம்மாள் அன்றைக்குச் சொன்னாள்: "தெரியலைன்னா பரவால்ல. தெரிஞ்ச மாதிரியாவது சிரிங்க."

அதிலிருந்து எதிரில் வருகிற எல்லோருக்கும் ஒரே சிரிப்பு, ஒரே கேள்வி. "வாங்க, எப்ப வந்தீங்க? வீட்ல எல்லாரும் நல்லாருக்காங்களா?" சிலிண்டர் கொண்டு வருகிறவர், ஏற்காடு பஸ் கண்டக்டர், ஒருமுறை விலாசம் விசாரிக்க வந்த போலீஸ்காரர், எல்லோரையும் கேட்டிருக்கிறேன். நாங்கள் குடியிருக்கும் கொண்டப்பநாயக்கன்பட்டியில் எனக்கு அன்பான மனுஷன் என்று பேர். அது வெறும் பயம் என்பது எனக்கும் நல்லம்மாளுக்கும்தான் தெரியும். கடை முதலாளியோ, "பாலசுந்தரத்தைப் பாருங்கப்பா, ஒருதடவை பார்த்த ஆளை மறக்கவே மாட்டாரு" என்று மற்றவர்களிடம் பெருமையடிப்பார். நான் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொள்வேன்.

போன வருஷம் நல்லம்மாளின் தோள்பட்டை வலிக்காக அஸ்தம்பட்டியில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவள் உள்ளே போய்விட்டாள். எதிர் வரிசையில் ஒரு பெரியவர், மடியில் ஒயர் கூடையோடு, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் தலைக்கு மேலே டிவி இருந்தது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்தவர்தான் என்று முடிவு கட்டி, எழுந்து போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வாங்க வாங்க! எப்ப வந்தீங்க? வீட்ல எல்லாரும் நல்லாருக்காங்களா?"

அவர் கண் கலங்கிவிட்டது. "காத்தாலயே வந்துட்டனுங்க. செல்லியம்மாளுக்குப் பித்தப்பையில கல்லுங்க. இப்பத்தான் ஆபரேஷனுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. பையனுக்கு ஓசூர்ல லீவு கெடைக்கலீங்க. தனியாத்தான் உக்காந்திருக்கறனுங்க."

செல்லியம்மாள் அவர் மனைவி, அதுவரை புரிந்தது. இவர் யார்? மெதுவாக, "உங்க பக்கம் தண்ணியெல்லாம் எப்படி?" என்று கேட்டேன்.

"மோகனூர்ல காவிரி இருக்கையில என்னங்க. கரும்பு நல்லாத்தான் நிக்குதுங்க."

ஊர் கிடைத்தது. நல்லம்மாளின் பிறந்த ஊர் பரமத்தி வேலூர், மோகனூர் பக்கந்தான். சரி, அவள் வழிச் சொந்தம். இனி எப்படி விட்டுவிட்டுப் போவது? டீ வாங்கி வந்தேன். நல்லம்மாளும் வந்து, இவர் என்னவோ எங்கள் கடையின் பழைய வாடிக்கையாளர் என்று நினைத்துக்கொண்டு (அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது), "ஆபரேஷன் முடியட்டுங்க, கூடவே இருக்கோம்" என்று உட்கார்ந்துவிட்டாள். நல்லபடியாக முடிந்தது என்று டாக்டர் வந்து சொன்ன பிறகுதான் கிளம்பினோம். போன் நம்பர் வாங்கும்போது, "பேரை நீங்களே போட்டுக் குடுங்க, கண்ணாடி கொண்டு வரலை" என்றேன். கண்ணாடி என் சட்டைப் பையில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. வேலுமணி என்று போட்டுக் கொடுத்தார்.

தை மாதம் அவர் பேத்திக்குக் காதுகுத்து என்று அழைத்தார். மோகனூர் போகிற பஸ்ஸில் நல்லம்மாள் சாதாரணமாகக் கேட்டாள்: "இவங்க உங்க கடைக்கு எத்தனை வருஷமா வர்றாங்க?"

"கடைக்கா? உன் சொந்தக்காரங்க இல்லையா?"

அவள் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. "இறங்கிடலாம்" என்றாள். மடியில் குழந்தைக்கு வாங்கிய பட்டுப்பாவாடை இருந்தது. இறங்கவில்லை.

போனதும் முதல் வேலையாக வேலுமணியை ஓரமாக அழைத்து உண்மையைச் சொல்லிவிட்டேன். நான் சொன்னது அவர் தம்பியிடம். தம்பி ஒன்றும் புரியாமல் அண்ணனைக் கூப்பிட, மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். வேலுமணி வெடித்துச் சிரித்தார்.

"ஏம்புள்ள, இங்க வா! இவரு உங்கூட்டுப் பக்கத்துச் சொந்தம்னுதான நானு நெனச்சேன்!"

"அட, நான் உங்க பக்கம்னுல்லங்க இருந்தேன்!" என்றாள் செல்லியம்மாள்.

சிரித்து முடிந்ததும் அவர் என் தோளில் கை வைத்தார். "அன்னிக்கு அங்க அத்தன பேரு உக்காந்திருந்தாங்க. நீங்க வந்து கையப் புடிச்சீங்க. அதுக்கப்பறம் யாரு என்னன்னு யோசிக்கவே தோணலீங்க."

பயத்தில் பிடித்த கை அது என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. ஒரே நாளில் எவ்வளவு உண்மையைத்தான் சொல்வது?

பந்தியில் பக்கத்து இலைக்காரர், வயதானவர், என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க யாரு பக்கத்துச் சொந்தமுங்க?"

நான் விழிப்பதற்குள், ரசம் கொண்டு வந்த செல்லியம்மாள் முந்திக்கொண்டாள். "ஆஸ்பத்திரிப் பக்கமுங்க மாமா."

அவர் யோசித்துவிட்டுத் தலையாட்டினார். "அப்படீங்களா. நல்ல குடும்பமாச்சே."