அக்கா பார்த்துக் கிடந்த சுவர்

என் அக்கா வீட்டுக்காரரை வேலை செய்கிற இடங்களில் எல்லோரும் 'குண்டு' என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் என்னவோ ஒல்லிதான். சட்டைப் பையில் எப்போதும் சுவருக்கு நேர் பார்க்கிற ஒரு தூக்குக்குண்டு கிடக்கும், அதனால் வந்த பெயர். முப்பது வருஷமாக வீடு வீடாகப் போய் வால்பேப்பர் ஒட்டுகிறார். நான் பெயின்ட் அடிக்கிறவன். பாதி நாள் ஒரே வீட்டில்தான் எங்கள் இரண்டு பேருக்கும் வேலை.

கூரையோரம் ஆணி அடித்து, குண்டு கட்டிய நூலைத் தொங்கவிடுவார். குண்டு ஆட்டம் நிற்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். நின்றதும் பென்சிலால் ஒரு கோடு. முதல் தாள் அந்தக் கோட்டில்தான் உட்காரும். வீட்டுச் சொந்தக்காரர் யாராவது சாய்ந்த மாதிரி தெரியுதே என்று இழுத்தால், "பேப்பர் நேராத்தான் இருக்கு. உங்க வீடுதான் கோணல்" என்று சொல்லிவிட்டுப் பசை கலக்கப் போய்விடுவார்.

இந்த வருஷம் அக்கா படியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டாள். மூன்று மாதம் படுக்கை. இடப்பக்கம் தவிர எந்தப் பக்கம் திரும்பினாலும் உயிர் போகிற வலி. இடப்பக்கம் படுத்தால் கண்ணுக்கு நேரே கதவை ஒட்டிய சுவர். ஓதம் ஏறி, பெயின்ட் பொருக்குப் பொருக்காக உரிந்த சுவர். ஊரார் சுவரையெல்லாம் ஒட்டித் தீர்த்த மனுஷன், தன் வீட்டில் ஒரு முழம் ஒட்டியதில்லை. அவரைச் சொல்ல எனக்கு வாயில்லை. என் வீட்டுக்குப் பெயின்ட் அடித்துப் பதினோரு வருஷம் ஆகிறது.

"மூணு மாசம் இதையே பாத்துக்கிட்டு கிடந்தா எனக்குப் பைத்தியம் பிடிச்சிரும். இந்த ஒரு சுவத்துக்காவது ஒட்டக் கூடாதா?" என்றாள் அக்கா.

மச்சான் மாதிரிப் புத்தகத்தைக் கட்டிலில் விரித்து வைத்தார்.

"பூ வேணாம். எண்ண ஆரம்பிச்சிருவேன்."

"பறவை போட்டது இருக்கு."

"அது பறக்கும், நான் பாத்துக்கிட்டு கிடக்கணுமா?"

கடைசியில் வெளிர் மஞ்சளில் மெல்லிய பச்சைக் கோடுகள் ஓடுகிற ஒன்றைப் பிடித்துக்கொண்டாள்.

"கோடு வேணாம். பழைய வீடு. கோணல் எதையும் கோடு மறைக்காது" என்றார்.

"என்கிட்ட மறைக்க என்ன இருக்கு? ஒட்டுங்க."

வெளியே தண்ணீர் கசிந்த குழாயை மாற்றினோம். சுவரைச் சுரண்டி, பூசி, காயவிட்டோம். லீவு நாளில் ஒட்டினார். அவருக்கு வலது தோள் போய்விட்டது. கை காதுக்கு மேல் ஏறாது. அதனால் பசை தடவி மடித்த தாளை நான் ஸ்டூல் மேல் நின்று உச்சியில் பிடிக்க, அவர் கீழேயிருந்து தேய்த்துக்கொண்டு வந்தார். நூல் விட்டு, குண்டு நின்று, கோடு போட்டுத்தான். இணைப்பு எங்கே என்று தடவிப் பார்த்தாலும் தெரியாது. ஈரத்துணி படக் கூடாது, காய்ந்த துணியால் மட்டும் துடைக்கணும் என்று எனக்குப் பாடம் வேறு.

இரண்டு நாள் கழித்துப் போனேன். அக்கா கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கிடந்தாள்.

"தூங்குறியாக்கா?"

"இல்லடா. அந்தக் கோடெல்லாம் கதவு மேல சரியுது. பாக்கவே முடியல."

"அவர்கிட்ட சொன்னியா?"

"தோள்ல தைலம் தேச்சுக்கிட்டு உக்காந்திருக்கிற மனுஷன்கிட்ட என்னத்தச் சொல்ல?"

அவர் வேலை முடிந்து வந்ததும் நான் சொன்னேன். பையைக்கூட இறக்கவில்லை.

"குண்டு பொய் சொல்லாது மாப்ள. வீடு ஒரு பக்கமா இறங்கியிருக்கு, அதான் கதவு நிலை சாஞ்சிருக்கு. கோடு நேரு. வீடுதான் கோணல்."

"தெரியும்" என்றாள் அக்கா, கண்ணைத் திறக்காமல். "நானும் இந்த வீட்டுலதானே படுத்திருக்கேன்."

அவர் நின்றுகொண்டே சுவரைப் பார்த்தார். பிறகு பையை வைத்துவிட்டுக் கட்டிலோரம் தரையில் மண்டிபோட்டு, அக்காவின் தலையணையில் ஒரு ஓரமாகக் கன்னத்தைச் சாய்த்தார். அவள் கண்ணுக்குத் தெரிவது அப்போதுதான் அவருக்கும் தெரிந்திருக்கும். ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை. தூங்கிவிட்டாரோ என்றுகூட நினைத்தேன்.

"சரியுதுதான்" என்றார்.

முப்பது வருஷத்தில் அவர் படுத்துப் பார்த்த முதல் சுவர் அது.

அடுத்த லீவு நாளில் வெந்நீர் தெளித்து அத்தனையும் உரித்தோம். அவருடைய தோளுக்கு அது ஆகாத வேலை. மிச்சம் இரண்டு ரோல்தான் இருந்தது. இந்தத் தடவை ஆணியும் இல்லை, நூலும் இல்லை. நான் முதல் தாளை உச்சியில் பிடித்து நிற்க, அவர் கட்டிலைத் திரும்பிப் பார்த்தார்.

"சொல்லு."

"கதவுப் பக்கம் கொஞ்சம் சாயுங்க. இன்னும். போதும் போதும், வந்த வழியே கொஞ்சம் போங்க."

"முப்பது வருஷத்துல ஒருத்தனும் என்னை இப்படி ஆட்டி வச்சதில்ல."

"அவங்கள்லாம் உங்களுக்குச் சோறு போட்டாங்களா? அங்கேயே நில்லுங்க."

கதவு நிலையின் சாய்வுக்கும் குண்டு சொல்கிற நேருக்கும் நடுவில் எங்கேயோ நின்றது கோடு. கடைசியில் ஒரு தாள் குறைந்தது. ஒரு முழ அகலத்துக்குச் சுவர் வெறுமையாக நின்றது. அலமாரியை இழுத்து மறைத்தோம்.

அக்கா கொஞ்ச நேரம் பார்த்தாள். "இப்ப நிக்குது" என்றாள். சற்று நேரத்தில் தூங்கியும் போனாள், முகத்தைச் சுளிக்காமல்.

மச்சான் சுவரில் முதுகைச் சாய்க்கப் போனவர், பசை காயவில்லை என்று நினைவு வந்து, கட்டில் காலில் சாய்ந்து உட்கார்ந்தார். கையைத் தூக்க முடியவில்லை. பிரஷை நான்தான் கழுவினேன்.